கம்ப்யூட்டரில் மாட்டிய ஹெல்மெட்

சசிரேகாவின் கேட் பாஸை முடக்கியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரிசையாகப் பல பேரைத் திட்டப்போகிறேன். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன் என்பது தெரிந்திருக்கட்டும்.

என் பெயர் கவிப்பிரியா. ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் இரண்டாவது யூனிட்டைக் கட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு வேலை. கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து தொழிலாளர்களுக்குப் பாஸ் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆதார் எண், போட்டோ, ரத்த வகை, தொழில். 'தொழில்' என்ற கட்டத்தில் ஆண் என்றால் கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், வெல்டர் என்று பட்டியல் நீளும். பெண் என்று அழுத்தினால் கேள்வியே கிடையாது, 'சித்தாள்' என்று தானாக நிரம்பிக்கொள்ளும். யாரோ ஒரு புண்ணியவான் அப்படி எழுதி வைத்திருந்தான். மூன்று வருடம் நானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

சசிரேகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வல்லம் வடகால் பக்கம். அவள் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அதைச் சொல்லி அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. "அந்த கம்பெனி காம்பவுண்டு செவுத்துக்குக் கல்லு தூக்குனதே நான்தான் பாப்பா" என்பாள், சிரித்துக்கொண்டு. அந்தச் சுவரில்தான் அவளுடைய சித்தாள் வேலை தொடங்கியது. பத்தொன்பது வருடம் ஆகிறது. கணவர் அண்ணாதுரை இருங்காட்டுக்கோட்டையில் செக்யூரிட்டி. குடி கிடையாது, அடி கிடையாது, சம்பளம் வந்த அன்றே வீட்டில் கொடுத்துவிடுவார். கட்டட வேலைக்குப் போகும் பெண் என்றதும் வீட்டுக்குள் ஒரு குடிகாரப் புருஷனைத் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

சித்தாள் என்றால் கலவை போட்டு, அதைச் சட்டியில் அள்ளி, தலையில் சுமந்து போய்ச் சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டும். இதே வேலைக்கு ஓர் ஆண் வந்தால் இரண்டு மூன்று வருடத்தில் அவன் கைக்குக் கரண்டி வந்துவிடும். "டேய், இந்த மூலைய நீ பூசுடா" என்று கொத்தனாரே பழக்கிவிடுவார். பெண்ணுக்கு அது நடக்காது. அவள் கரண்டியைக் கழுவிக் கொடுக்கலாம், அதைப் பிடித்துப் பூசக் கூடாது. இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் எவராவது ஒருவர் கோர்ட்டுக்காவது போயிருப்பார்.

சசிரேகா பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். மணிமங்கலத்தில் ஒரு வீட்டு வேலை. மதியம் சாப்பிடப் போன கொத்தனார் திரும்பி வரவில்லை. போட்டு வைத்த கலவை இறுகிக்கொண்டிருந்தது. வீணாகப் போகிறதே என்று அவளே கரண்டியை எடுத்துக் கழிவறைச் சுவர் ஒன்றை முழுசாகப் பூசி முடித்துவிட்டாள். மேஸ்திரி புருஷோத்தமன் வந்து பார்த்தார். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்த நாளிலிருந்து கழிவறை, லிஃப்ட் குழி, படிக்கட்டின் அடிப்பக்கம், ஸ்விட்ச் ரூம் என்று இன்ஜினியர் கண்ணில் படாத சுவர்களையெல்லாம் அவள் பக்கம் தள்ளிவிட்டார். வேலை கொத்தனார் வேலை, பெயரும் கூலியும் சித்தாளுக்கு உள்ளது. பதினோரு வருடம் இப்படியே ஓட்டினார் அந்த மனுஷன். நெஞ்சில் கொஞ்சம் ஈரம் இருந்திருந்தால் ஒரு நாளாவது அவருக்கு உறுத்தியிருக்கும்.

போன ஜனவரியில் கம்பெனி ஓர் அறிவிப்பு ஒட்டியது. மார்ச் எட்டாம் தேதி சைட்டிலேயே கொத்தனார் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். ஆளுக்கு ஒரு சுவர், இரண்டு மணி நேரம். தேறியவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும், எந்த சைட்டிலும் கொத்தனாராகவே சேரலாம். மகளிர் தினத்தில் எதற்குக் கொத்தனார் தேர்வு என்றால், பெரிய அதிகாரிகள் சென்னையிலிருந்து வருவது அந்த ஒரு நாள்தான். எல்லாவற்றையும் ஒரே பந்தலில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

அறிவிப்பு ஒட்டிய அன்று மதியமே சசிரேகா என் ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"பாப்பா, இதுல பொம்பள வரக் கூடாதுன்னு எங்கனா போட்டுகீதா?"

"இல்லக்கா."

"நல்லா பாத்து சொல்லு."

"இல்லவே இல்லக்கா. மேஸ்திரி கையெழுத்து மட்டும் வேணும்."

மூன்று வாரம் புருஷோத்தமனைப் பிடுங்கி எடுத்தாள். "உனுக்கு இன்னாமா கொற வெச்சேன்? உள் செவுரெல்லாம் உன்கிட்டதான குடுக்கறேன்?" என்று அவர் கேட்டதற்கு, "வெளி செவுத்த எப்ப குடுப்ப?" என்று கேட்டாள். அவர் மழுப்பினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சித்தாள்தானே, சட்டி தூக்குகிறேன், பூச மாட்டேன் என்றாள். நான்கு கழிவறைகள் பாதியில் நின்றன, இன்ஜினியர் வந்து சத்தம் போட்டார், புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டார்.

பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். அவளுடையது பதினான்காவது பெயர். பக்கத்துக் கட்டத்தில் தானாக வந்து விழுந்த 'சித்தாள்' என்பதை அழித்துவிட்டுக் 'கொத்தனார்' என்று அடித்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி கடைசியில் லோகேஷ் கேமராவோடு வந்தான். 'கட்டுமானத் துறையில் பெண்கள்' என்று ஒரு புகைப்படக் கண்காட்சி, மகளிர் தினத்தை ஒட்டி. கம்பெனிதான் அவனை அமர்த்தியிருந்தது. அவனைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. நல்ல பையன்தான், எல்லோரையும் அக்கா என்றே கூப்பிட்டான். ஆளைப் பார்த்து அப்படித்தான் ஏமாந்துவிடுகிறோம்.

சசிரேகா அப்போது ஸ்விட்ச் ரூமில் பூசிக்கொண்டிருந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் கரண்டி, எதிரே முக்கால் பாகம் முடிந்த சுவர். லோகேஷ் எட்டிப் பார்த்தான்.

"லைட்டே இல்லியேக்கா. வெளில வந்து, அந்தச் சட்டிய தலைல வச்சுக்கிட்டு ஒண்ணு எடுக்கலாமா?"

"நான் கொத்தனார் வேல பாக்கறேன். அத்த எடு."

"எடுக்கறேன்க்கா. ஆனா கரண்டியோட எடுத்தா யாரோ ஆம்பள வேலைய பாக்கற மாதிரி இருக்கும். தலைல சுமையோட இருந்தாத்தான் பாக்கறவங்களுக்கு ஒரு ஃபீல் வரும்."

ஃபீல்! அவன் கன்னத்தில் நான்கு விட்டிருக்க வேண்டும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கரண்டியோடு ஒன்று, சட்டியோடு ஒன்று, இரண்டையும் மாட்டுவோம் என்று அவன் வாக்குக் கொடுத்தான். தேர்வாளர் கண்ணில் கரண்டிப் படம் பட்டால் நல்லதுதானே என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கலவைச் சட்டியைத் தலையில் வைக்க வேண்டுமானால் முதலில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்க வேண்டும். ஹெல்மெட்டின் மேல் சும்மாடு நிற்காது, வழுக்கும். அதனால் சுமக்கும்போது பெண்கள் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பாதுகாப்பு அதிகாரி ரவுண்டு வந்தால் மேஸ்திரி விசில் அடிப்பார். எல்லோரும் சட்டியை இறக்கிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வார்கள். அவர் போனதும் பழையபடி. ஹெல்மெட்டையும் கொடுத்து, சட்டியையும் கொடுத்து, இருப்பது ஒரு தலைதானே என்று யோசிக்காதவர்கள் நடத்தும் சைட் இது. அங்கே வேலை செய்யும் அத்தனை பேருக்கும் இது தெரியும்.

சசிரேகா ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டப் போனாள். "அது வேண்டாம்க்கா, ஃப்ரேம்ல இடிக்குது" என்று லோகேஷே வாங்கி என் கையில் கொடுத்தான். சட்டியைத் தூக்கி வைத்ததும், "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான்.

"இத்தினி கனத்த தலைல வச்சிகினு எவனா சிரிப்பானா?" என்று கேட்டவள், தான் கேட்டதற்குத் தானே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவன் பிடித்துவிட்டான்.

கரண்டிப் படத்தை மாட்டவில்லை. சட்டிப் படத்தை ஆறடிக்கு நாலடியாக ஃப்ளெக்ஸில் அச்சடித்து, பிளைவுட் பலகையில் ஒட்டி, புதுக் கேன்டீன் கட்டடத்தின் வாசல் சுவரோடு சேர்த்து ஆணி அடித்து நிறுத்தினார்கள். கீழே 'சுமையிலும் சிரிக்கும் சக்தி' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிக் கொடுத்ததும் நான்தான். தமிழ் நன்றாக எழுதுவேன் என்று கேட்டார்கள், எழுதினேன். இப்போது நினைத்தால் என் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் ஆறாம் தேதி, தொழிற்சாலைக்காரர்களின் பாதுகாப்புக் குழு கேன்டீனைப் பார்க்க வந்தது. வாசலிலேயே ஆறடியில் ஹெல்மெட் இல்லாத ஒரு பெண். மதியம் எங்கள் பாதுகாப்பு அதிகாரி நயினார் என் கொட்டகைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சசிரேகா கார்டை கட் பண்ணணும் கவி. ஹெல்மெட் இல்லாம வேலை பார்த்ததுக்கு. மேல இருந்து மெயிலே வந்துட்டு."

"சார், நான் பக்கத்துலதான் நின்னேன். போட்டோகிராபர்தான் ஹெல்மெட்ட வாங்குனாரு. என் கையிலதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதாளா? படத்துல அவிய தலைதான இருக்கு. சொன்ன ஆளு படத்துல இல்லியே. நான் என்ன செய்ய?"

ஒரு மாதம் சைட்டுக்குள் வரக் கூடாது. நான் பட்டனை அழுத்தினேன். எனக்கும் வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் எதுவும் இல்லை. கார்டு முடங்கியதும் தேர்வுப் பட்டியலிலிருந்தும் பெயர் தானாகப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். போயிற்று. பதினைந்தாவது ஆள் பதினான்காவது ஆனான்.

மறுநாள் காலை கேட்டில் அவள் கார்டை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு. நான் வெளியே போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "டெஸ்ட்டு நாளைக்குத்தான?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பின்னால் வரிசை கட்டி நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்துகொண்டாள்.

படத்தையாவது எடுத்தார்களா? அதுதான் இல்லை. அழைப்பிதழில் அந்தப் படம்தான் அச்சாகியிருந்தது. சென்னை அதிகாரிகளுக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அதனால் லோகேஷிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் அவள் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை வரைந்து, சட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கி, புது ஃப்ளெக்ஸ் அடித்து, பழையதன் மேல் ஒட்டிவிட்டார்கள். ஒரே ராத்திரியில் காரியம் முடிந்தது. இரண்டு வருடமாகக் கேட்கிறோம், பெண்கள் கழிவறைக்கு ஒரு தாழ்ப்பாள் வரவில்லை.

அதோடு விட்டார்களா? மேடையில் அவளுக்குச் சால்வை போட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எட்டாம் தேதி காலை அவள் வீட்டுக்கு வேன் அனுப்பினார்கள். தொழிலாளியாக உள்ளே வர முடியாதவளுக்கு 'சிறப்பு விருந்தினர்' என்று பாஸ் போடச் சொன்னார்கள். போட்டேன். விருந்தினருக்கான வெள்ளை ஹெல்மெட் ஒன்றும் கொடுத்தேன். அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"கரண்டி" என்றாள். "மேடையில எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன். விட்டாங்கன்னா டெஸ்ட்டு எய்துவேன்."

மேடையில் பேசியவர்கள் பெண்ணைத் தூண் என்றார்கள், அஸ்திவாரம் என்றார்கள், கூரை என்றார்கள். ஆள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சசிரேகாவுக்குச் சால்வை போட்டார்கள். அவள் மைக்கைக் கேட்டாள். நேரமில்லை என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் முடிந்தது, அதிகாரிகள் சாப்பிடப் போனார்கள். கேன்டீனுக்கு எதிர்த் திடலில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வரிசையாகச் சின்னச் சின்னச் சுவர்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆண்.

அவள் மேடையிலிருந்து இறங்கி நேராக நயினாரிடம் போனாள்.

"சார், என்னையும் ஒரு செவுத்துல விடு."

"பட்டியல்ல பேரு இல்லியேக்கா. கார்டு கட்டாயிருக்கே."

"கார்டு எதுக்குக் கட்டாச்சு?"

"ஹெல்மெட் போடலல்லா."

அவள் திரும்பிக் கேன்டீன் வாசலைக் காட்டினாள். அங்கே ஆறடி சசிரேகா மஞ்சள் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தோ பாரு, போட்டுகினுதான கீறேன். நீங்க மாட்டுன படம்தான அது? அப்ப என்கிட்ட இன்னா தப்பு?"

"அது கம்ப்யூட்டர்ல போட்டதுக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரியும். அத்த எய்திக் குடு. இந்த ஹெல்மெட்ட நாங்க வரஞ்சோம், நெச ஹெல்மெட்ட எங்க ஆளே வாங்கிகினான்னு எய்தி கையெழுத்து போடு. நான் அந்த பேப்பர வச்சிகினு போய்ட்றேன்."

நயினார் என்னைப் பார்த்தார். புருஷோத்தமன் தரையைப் பார்த்தார். நயினாரால் எழுத முடியாது என்று சொல்லவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. "யக்கா, ஒரு மாசந்தான. பொறுத்துக்கோங்க, அடுத்த வருசம் எழுதலாம்" என்றார்.

"பத்தொம்போது வருசம் பொறுத்தவ கைல இன்னொரு வருசமா?" என்று கத்தினாள் சசிரேகா. அவள் கத்தி நான் கேட்டது அன்றுதான். திடலில் பூசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

சால்வையை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். வெள்ளை ஹெல்மெட்டின் வாரை மாட்டினாள். பூசி முடித்து நின்ற ஒருவனிடம் சுத்தியலை வாங்கிக்கொண்டு தன் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஃப்ளெக்ஸை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு கீது. கொத்தி வுடாம கலவ நிக்காது" என்றாள், பக்கத்துச் சித்தாளிடம் சொல்வதுபோல.

எந்தக் கொத்தனாரும் வழுக்கும் பரப்பைக் கொத்திவிட்டுத்தான் பூசுவார். அவள் இடது மேல் மூலையில் தொடங்கினாள். இரண்டு விரல்கடைக்கு ஒரு கொத்து. வானம், மஞ்சள் ஹெல்மெட், நெற்றி, கன்னம், சிரிப்பு, கழுத்து என்று ஒன்றையும் விடாமல் ஒரே அளவில் கொத்திக்கொண்டே இறங்கினாள். ஃப்ளெக்ஸ் கிழிந்து பிளைவுட் பிளந்தது. நான் எழுதிய வரியையும் கொத்தினாள். அப்போது எனக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது.

செக்யூரிட்டி ஓடி வந்தான். சால்வை போட்ட சிறப்பு விருந்தினரைக் கையைப் பிடித்து இழுக்கலாமா என்று தெரியாமல் நின்றான். "யக்கா, வேண்டாம்க்கா!" என்றார் நயினார்.

"ஹெல்மெட்டு போட்டுகினுதான் பண்றேன், பாத்துக்கோ" என்றாள்.

யாரும் சொல்லாமலே அமலா என்ற சித்தாள் திடலிலிருந்து ஒரு சட்டி கலவையைக் கொண்டுவந்து சசிரேகாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு இன்னொன்று, கூடவே சிமென்ட் பாலும் மட்டப் பலகையும் தேய்ப்புக் கட்டையும். ஒரு பெண் கொத்தனாருக்குச் சித்தாள் நின்று கலவை கொடுத்ததை அந்த சைட்டில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. சசிரேகா சிமென்ட் பாலைத் தெளித்தாள். கரண்டியால் கலவையை அள்ளி அள்ளி அடித்தாள். அடித்தது அப்படியே பிடித்துக்கொண்டது. மட்டப் பலகையால் இழுத்தாள், குழி விழுந்த இடங்களை நிரப்பினாள், மறுபடி இழுத்தாள், தேய்ப்புக் கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். லோகேஷ் கேமராவைத் தூக்கினான். அமலா அவன் முன்னால் போய் நின்றுகொண்டாள், அவன் இறக்கிவிட்டான்.

திடலிலிருந்து தேர்வாளர் வந்தார். நடுவயது மனிதர், கையில் பட்டியலும் மட்டக் கோலும். கார்டு முடங்கிய கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரு பூச்சைப் பார்த்தால் கோலை வைத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்போல. நிறுத்திப் பார்த்தார், படுக்கப் போட்டுப் பார்த்தார், குறுக்கே வைத்துப் பார்த்தார். கோலுக்கும் பூச்சுக்கும் நடுவில் எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை.

"மட்டம் கரெக்டா இருக்கு. உங்க பேர் என்னம்மா?"

"சசிரேகா."

அவர் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

"லிஸ்ட்ல இல்லியே."

"தெரியும் சார்" என்றாள் சசிரேகா. "அதான் இங்க பூசுனேன்."